வெளிச்சப் பக்கத்துப் புருவம்

ஜூன் 3

அன்புள்ள உனக்கு,

இந்தக் கடிதத்தில் வரப்போகிறவை:

1. நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்த விவரம்.
2. அன்று நடந்ததில் என் பக்கம்.
3. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படத்தைப் பார்த்ததில் கிடைத்த நான்கு குறிப்புகள்.
4. ஒரு கேள்வி.

ஆயுளில் பாதியை அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே கழித்தவனுக்கு எண் போடாமல் எழுத வராது. நீ சிரிப்பாய் என்று தெரிந்தே போட்டிருக்கிறேன்.

முதலாவது. படம் திங்கட்கிழமை வந்தது. உறைக்குள் கடிதம் இல்லை. உறையை உதறிப் பார்த்தேன், கிழித்து விரித்தும் பார்த்தேன். படத்தின் பின்பக்கத்திலும் ஒன்றும் எழுதவில்லை. தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பேச்சை இணைத்துக் கொடுத்தவள் நீ. பேசாமல் ஒன்றை அனுப்புவது உன் சுபாவம் இல்லை. எனவே இந்த மௌனத்தில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது. அன்று நான் கத்தவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பழைய சாமான் கடையில் இந்தக் கேமராவை வாங்கினேன். கூடவே, உலகம் அறிந்த அந்த முகப்படக் கலைஞரின் புத்தகத்தையும் வாங்கினேன். அதிலுள்ள படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, நாற்காலி எங்கே கிடந்தது என்று ஆராய்ந்து, அப்படியே திரும்ப எடுத்துப் பழகுவது என் திட்டம். நல்ல உரைநடையைப் பார்த்து எழுதித்தான் நான் எழுதக் கற்றேன். இதுவும் அப்படி வரும் என்று நம்பினேன். எட்டுப் படங்கள் ஒருவாறு வந்தன. ஒன்பதாவது, ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வயதான பெண், எத்தனை முறை எடுத்தும் வரவில்லை.

‘முகத்தைக் காலியாக வைத்துக்கொள்’ என்பது என் சொல் அல்ல. முன்னுரையில் அவர் எழுதியிருப்பது. நான் அதை உன்னிடம் சொன்னேன், அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்கும் வாசனைக்கு நீ எழுந்தாய். உன் கால் கேமரா நின்ற முக்காலியில் தட்டியது. கேமரா கட்டிலில் விழுந்து அதன் பின்கதவு திறந்துகொண்டது. பிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது. ‘போகட்டும், இன்றைக்கு உன் முகமே சரியில்லை, ஒன்றும் தேறியிருக்காது’ என்று சொல்லிச் சுருளைக் குப்பைக் கூடையில் போட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். மறுவாரம் நீ உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய். மெதுவாகச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மூன்றாவது. நீ அனுப்பியிருப்பது உன் முகம். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுகிறது. நம் அறையில் ஜன்னல் இடப்பக்கம், நான் எடுத்த எல்லாப் படங்களிலும் வெளிச்சம் இடப்பக்கம்தான். ஆகவே இது நம் வீடு இல்லை. சந்தேகம் இருந்தால்தான் குறிப்பு. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லாததால் எண் போடவில்லை.

ஒருவர் கண்மணியில், எதிரே இருக்கும் ஜன்னல் சிறிய வெள்ளைப் பொட்டாக விழுந்திருக்கும். அந்தக் கலைஞரின் படங்களில் இந்தப் பொட்டைப் பார்த்துத்தான் அவர் எங்கே நின்றார் என்று நான் கண்டுபிடிக்கிறேன். உன் கண்ணிலும் பொட்டு இருக்கிறது. அதற்குள் ஒரு கறுப்பு உருவம் நிற்கிறது. அதைப் பார்த்து எழுதிய குறிப்புகள்:

அ) நிற்பவர் ஆண். தலையை நன்றாகக் குனிந்திருக்கிறார். எனவே அவருடையதும் என்னுடையதைப் போல மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமரா.

ஆ) ஒரு கையை உன் பக்கம் நீட்டியிருக்கிறார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக் கையை இன்னும் இழுத்துக்கொள்ளாதது போல இருக்கிறது. நீ கூச்சப்படவில்லை. எனவே உனக்கு நெடுநாள் பழக்கமானவர்.

இ) அந்த ஒன்பதாவது படத்தை அவர் நன்கு அறிந்தவர். உன்னை அதே கோணத்தில் உட்கார வைத்திருக்கிறார். ஓரத்தில் புகை படர்ந்தது போல ஒரு வெளுப்பையும் விட்டிருக்கிறார். எனக்கு இந்தத் துணிச்சல் வராது. கை தேர்ந்தவர்.

ஈ) சிரிப்பு வந்து, அதை அடக்கி, அடக்கியது தெரிந்துவிடக் கூடாதே என்று ஒரு பார்வை. என்னை நீ ஒருபோதும் இப்படிப் பார்த்ததில்லை.

நான்காவது. யார் அவர்?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

•

ஜூன் 9

என்னங்க,

உங்க கடிதத்தைத் தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டினேன். எண் வர்ற இடத்துல எல்லாம் சிரிச்சு சிரிச்சு அவளுக்குப் புரை ஏறிடுச்சு. உங்க சகலைதான், "பாவம்மா, மனுஷன் எப்படித் தவிச்சிருக்கார் பாரு"ன்னார். இந்த வீட்டுலேயே உங்களுக்காகப் பரிஞ்சு பேசுற ஒரே ஆள் அவர்தான். அவரும் சாப்பிட உட்கார்ந்ததும் மறந்துட்டார்.

நாலு தலைப்புப் போட்டீங்களே, அதுல ‘நீ எப்படி இருக்கே, முட்டி வலி எப்படி இருக்கு’ன்னு கேக்க அஞ்சாவதா ஒரு எண் கிடைக்கலையா? அச்சகத்துல எண் தீர்ந்துபோச்சா? பிழையார்னு நான் உங்களுக்குப் பேர் வச்சது சும்மா இல்ல.

மெதுவாத்தான் சொன்னேன்னு எழுதியிருக்கீங்க. அதுதாங்க பிரச்சினையே. கத்துறவன் கோவத்துல சொல்றான்னு விட்டுடலாம். மெதுவா சொல்றவன் யோசிச்சுச் சொல்றான். எக்ஸ்சேஞ்சுல கத்துற ஆளுக்கு நான் பயந்ததே இல்ல. லைன்ல மெதுவாப் பேசுறவங்க வந்தாதான் நிமிர்ந்து உட்காருவேன்.

"முகமே சரியில்ல"ன்னீங்க. இத்தனை வருஷமா இதே முகம்தான் உங்களுக்குத் தட்டு வச்சுது, காய்ச்சல்ல பக்கத்துல உட்கார்ந்திருந்துது. திடீர்னு அதைக் காலி பண்ணுன்னா எங்க கொண்டுபோய்க் கொட்டறது?

சரி, படத்துக்கு வர்றேன். எடுத்தது யாருன்னு சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிங்க. உங்களுக்கு உதவியா ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, அவர் சட்டையில பட்டனை மாத்திப் போட்டிருந்தார். ஒரு பக்கம் காலர் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, மழை பெய்யுதான்னு பாக்குற மாதிரி கையை நீட்டிக்கிட்டு நின்னார். சொல்லலாமா வேணாமான்னு நான் யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே எடுத்துட்டார். ரெண்டு, பிரிண்ட் போட்டது இங்க எதிர்வீட்டு மாடியில ஸ்டூடியோ வச்சிருக்கிறவர். அவர் எடுக்கல. முன்கூட்டியே சொல்லிடறேன், இல்லன்னா அந்த நல்ல மனுஷனுக்கு மொட்டைக் கடுதாசி போட்டாலும் போடுவீங்க.

போன் பண்ணாதீங்க. உங்க குரல் நடுங்குறதைக் கேட்டா எனக்கு மனசு இளகிடும். இந்தத் தடவை இளகக் கூடாதுன்னு இருக்கேன். எழுதுங்க.

முட்டி வலி பரவாயில்ல. நீங்க கேக்கலைன்னாலும் சொல்றேன்.

•

ஜூன் 15

அன்புள்ள உனக்கு,

முட்டி வலி குறைந்தது மகிழ்ச்சி. எண் போடாமல் முதலில் இதை எழுதியிருப்பதைக் கவனிக்கவும்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என் மனதில் படுவதை வரிசையாகச் சொல்கிறேன். ஸ்டூடியோக்காரரைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காமலேயே அவர் இல்லை என்கிறாய். மெய்ப்பில் ஒரு வரி மட்டும் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தால் அங்கேதான் பிழை ஒளிந்திருக்கும். இது என் அனுபவம். ‘நல்ல மனுஷன்’ என்றும் எழுதியிருக்கிறாய். ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்று தெரிந்துகொள்ள எத்தனை முறை அந்த மாடி ஏறினாய்?

இன்னொன்று. ஒரு மனிதருடைய சட்டைப் பொத்தான் மாறியிருக்கிறதா என்பதை நீ கவனிக்கிறாய். கவனித்துவிட்டுச் சொல்லலாமா என்று வேறு யோசிக்கிறாய். யோசித்துச் சிரிக்கிறாய். இதில் எதுவும் தவறு என்று நான் சொல்லவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

புத்தகத்தை மூடிவிட்டேன். ஒன்பதாவது படத்துக்குப் பதிலாக இப்போது உன் படத்தை மேசை மேல் நிறுத்தி, அதை அப்படியே திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு படம் எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்தால், அதை எடுத்தவன் எப்படிப்பட்டவன் என்பதும் தெரிந்துவிடும். அந்தக் கலைஞரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் இப்படி அறிந்ததுதான். அவர் உயரமானவர், பொறுமைசாலி, சிறிய அறைகளை விரும்பியவர் என்பது எனக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல.

உட்காருவதற்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டேன். வசதியாக இருக்கிறது. அசைவதில்லை, எழுந்து போவதில்லை, முகத்தில் காலி என்றால் காலி. பேச்சும் இல்லை.

புதிதாகத் தெரிய வந்தது ஒன்று. உன் கண்ணிலிருக்கும் வெள்ளைப் பொட்டின் வலது கீழ் மூலை கறுத்திருக்கிறது. நம் ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக நான் அட்டை செருகி வைத்திருக்கிறேன் அல்லவா? என் படங்களில் அது பொட்டின் இடது கீழ் மூலையில் கறுப்பாக விழும். உன் படத்தில் வலது மூலை. ஆக அந்த வீட்டிலும் ஒரு கண்ணாடி உடைந்து, அட்டை செருகியிருக்கிறார்கள். அட்டையை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடச் சொல்லி என்னை எவ்வளவு நச்சரித்தாய்! அங்கே யாரையும் நச்சரிக்கவில்லை போலிருக்கிறது.

படத்தைக் குறை சொல்ல ஆசைப்பட்டேன். ஒரு வாரமாகத் தேடியும் குறை கிடைக்கவில்லை. முகம் எனக்கு மிகவும் பழகிய முகமாக, இருக்க வேண்டியபடியே இருக்கிறது. என் படங்களில் இருக்கும் முகம்தான் யாரோ மாதிரி இருக்கிறது. இதை எழுதுவது சுலபமாக இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

•

ஜூன் 20

என்னங்க,

ரெண்டு கடிதம் ஒரே நாள்ல வந்துச்சு. ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு மேல்வீட்டு டீச்சரோடது.

டீச்சர் என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார், கவலைப்படாதீங்க. காலையில படியிறங்கும்போது ஜன்னல் வழியாப் பாத்தேன். யாரோ சொந்தக்காரங்க வந்திருக்காங்க போல. உங்க சாம்பல் கலர் சால்வையைப் போர்த்திக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. கூப்பிட்டேன், திரும்பவே இல்ல, கொஞ்சம் திமிரோ"ன்னு. அதைப் படிச்சு முடிச்சுட்டு உங்களோடதைப் பிரிக்கிறேன், "வேறு ஏற்பாடு, வசதியாக இருக்கிறது, பேச்சும் இல்லை"ன்னு போட்டிருக்கீங்க! என் நாற்காலி, என் சால்வை. அவ யாருங்க? நான் யார்னு சொல்ல மாட்டேன்னா அது உங்களுக்கு ஒரு பரீட்சை. நீங்க சொல்லாம இருந்தா அதுக்கு வேற பேரு.

ஸ்டூடியோக்காரர் நேத்து மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். யாரோ ‘ஒரு புகைப்பட ஆர்வலர்’ எழுதியிருக்காராம், "தங்களிடம் மேலிருந்து குனிந்து பார்க்கும் வகைக் கேமரா உண்டா, தங்கள் ஜன்னல்களில் அட்டை உண்டா"ன்னு. பேரை மறைச்ச மனுஷன், பதில் வரணும்னு கீழே நம்ம வீட்டு விலாசத்தை முழுசா எழுதியிருக்கீங்க! "அம்மா, இவர் உங்க வீட்டுக்காரர்தானே, நான் என்ன பதில் போடட்டும்"னு கேக்கறார். எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. தங்கச்சி சமையலறைக்குள்ள ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிச்சா.

இப்போ சிரிக்காம ஒண்ணு சொல்றேன், கேளுங்க. தங்கச்சி மாடி அறையை எனக்கே தர்றேங்கிறா. அதைக் கேட்டு ஒரு குடும்பம் வந்திருக்கு. வர்ற அஞ்சாம் தேதி அவங்களுக்குப் பதில் சொல்லணும். "அக்கா, நீ இருக்கேன்னா சொல்லு, அவங்களை வேண்டாம்னுடறேன்"னு தினமும் கேக்கறா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. இருந்துடலாம்னுதான் தோணுது. கோவம் இல்லங்க. கோவம்னா ரெண்டு நாள்ல போயிடும். இது வேற. என்னை அவ்வளவு நேரம் உட்கார வச்சு, அவ்வளவு உத்து உத்துப் பாத்துட்டு, ஒண்ணும் தேறாதுன்னு சொன்ன ஆளோட ஒரே வீட்டுல இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன?

அதனாலதான் படத்தை அனுப்பினேன். எடுத்தது யாருன்னு அஞ்சாம் தேதிக்குள்ள கண்டுபிடிச்சா நான் வர்றேன். இல்லன்னா என் துணிமணியைப் பார்சல் போடுங்க. சால்வையை அவளே வச்சுக்கட்டும்.

கடைசியா ஒரு கேள்வி, புத்தகத்தைப் பாக்காம பதில் எழுதுங்க. எக்ஸ்சேஞ்சுல அலமாரிக் கதவு இடிச்சு என் புருவத்துல ஒரு தழும்பு இருக்கே, அது எந்தப் புருவம்?

•

ஜூன் 24

அன்புள்ள உனக்கு,

பதறிப்போய் எழுதுகிறேன், எண் போடவும் கை ஓடவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெருமுனைத் தையல்காரரின் கடைப் பொம்மை. அதற்குத் தலை கிடையாது. பழைய துணிகளை உருட்டித் தலையணை உறையில் கட்டி நான்தான் தலை வைத்தேன். கண்மணியில் விழும் பொட்டை ஆராய வேண்டுமே என்று இரண்டு கண்ணாடிக் கோலிகளைத் தைத்தேன். தோள்பட்டை வழுக்கியதால் உன் சால்வையைப் போர்த்தினேன். டீச்சர் கூப்பிட்டுத் திரும்பாதது திமிரால் அல்ல. சால்வையை உதறி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பொம்மைக்கு இப்போது என் கம்பளிச் சட்டை.

ஸ்டூடியோக்காரர் விஷயத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் ஜன்னலில் அட்டை உண்டா என்பதை மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். உன் சகலையாகிய, மன்னிக்கவும், என் சகலையாகிய உன் தங்கை கணவரிடம் கேமரா உண்டா? அவர் எனக்காகப் பரிந்து பேசியதும் இப்போது யோசிக்க வைக்கிறது. குற்றமுள்ளவர்கள்தான் இரக்கப்படுவார்கள். இல்லை, இதை அடித்துவிடு. நான் தூங்காமல் எழுதுகிறேன்.

புருவம். புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் படங்களையும் பார்க்கவில்லை. நன்றாக நினைவிருக்கிறது: வெளிச்சம் விழும் பக்கத்துப் புருவம். எத்தனை மாதமாக அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தான் கேமராவின் தெளிவைச் சரிசெய்கிறேன்! உன் படத்திலும் அப்படித்தான் இருக்கிறது. சரிதானே?

மாடி அறையைப் பற்றி உன் தங்கையிடம் இன்னும் ஒன்றும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

•

ஜூன் 28 (தபால் அட்டை)

வெளிச்சம் விழுற பக்கமா? என் மூஞ்சியில இடம் வலம்னு ஒண்ணு கிடையாதா? எந்தப் பக்கத்து வெளிச்சம்ங்க?

•

ஜூலை 4

அன்புள்ள உனக்கு,

இதைத் தபாலில் போட்டால் ஐந்தாம் தேதிக்குள் வராது. பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து அதன் மேல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். கதவைத் தட்டி இதை உன் கையில் கொடுப்பேன். நான் பேச ஆரம்பித்தால் குரல் நடுங்கும். நீ இளகிவிடுவாய், அது நியாயமாகாது. எனவே முதலில் இதைப் படி. படிக்கும் வரை நான் வாசலில் நிற்கிறேன்.

உன் தபால் அட்டை நேற்று முன்தினம் வந்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேனே என்று நினைத்தேன். என் படம் ஒன்றையும் உன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து. தழும்பு வெளிச்சப் பக்கம். உன் படத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து; தழும்பு வெளிச்சப் பக்கம். இரண்டும் சரி என்று குறித்துக்கொண்டு டீ போடப் போனேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வெளிச்சம் பக்கம் மாறலாம். தழும்பு எப்படிப் பக்கம் மாறும்?

டீ போடவில்லை. சவரக் கண்ணாடியை எடுத்துவந்து உன் படத்தை அதற்கு முன்னால் பிடித்தேன். கண்ணாடிக்குள் வெளிச்சம் இடப்பக்கம் போயிற்று. தழும்பு உன் வலது புருவத்துக்குப் போயிற்று. அதுதான் அதன் இடம், இப்போது கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். பொட்டின் கறுத்த மூலை இடது கீழ் மூலைக்குப் போயிற்று. அது நம் ஜன்னல். அது நம் அட்டை. அந்த ஸ்டூடியோக்காரர் பிரிண்ட் போடும்போது பிலிமைப் புரட்டி வைத்துவிட்டிருக்கிறார். நல்ல மனிதராக இருக்கலாம், கவனமான மனிதர் இல்லை.

பிழை பார்த்தே சாப்பிட்டவன் இதை எப்படித் தவறவிட்டேன் என்று நீ கேட்பாய். என் கேமராவை மேலிருந்து குனிந்து பார்த்தால், கண்ணாடித் தகட்டில் உருவம் இடம் வலம் மாறித்தான் தெரியும். இத்தனை மாதமாக உன் முகத்தை நான் உற்றுப் பார்த்ததெல்லாம் அதற்குள்தான். நிமிர்ந்து நேரில் பார்த்தது குறைவு. அதனால் மாறிய முகமே எனக்குப் பழகிப்போயிற்று. சரியான பிரிண்ட்டில் இருப்பவள் யாரோ மாதிரி இருந்தாள். அந்த மாறிய முகம் பழகியவர் உலகத்தில் இன்னும் ஒரே ஒருவர்தான்: தினமும் நிலைக்கண்ணாடி முன்னால் தலை வாரும் நீ. பிழையான பிரிண்ட்டை நீ ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று யோசித்தேன். உனக்கும் அதுதான் சரியாகத் தெரிந்திருக்கும். உன் தங்கைக்கு அதில் ஏதோ கோணலாகப் பட்டிருக்க வேண்டும். கேட்டுப் பார்.

அப்புறமும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அறை நம்முடையது என்றால், நான் இல்லாதபோது நம் வீட்டுக்குள் வந்து குனிந்து நின்றவன் யார் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். சிரிக்காதே. நல்ல படம் ஒன்று என் அறையில் எடுக்கப்பட்டிருந்தால், அதை எடுத்தது வேறொருவராகத்தான் இருக்க வேண்டும் என்று என் புத்தி போயிற்று.

பொம்மையை உன் நாற்காலியில் உட்கார வைத்து, கேமராவை முக்காலியில் மாட்டினேன். வழக்கம்போல் குனிந்து தெளிவைச் சரிசெய்தேன். தகட்டில் கோலி பெரிதாகத் தெரிந்தது. அதற்குள் வெள்ளையாக ஜன்னல். ஜன்னலுக்குள் கறுப்பாக ஓர் ஆள். தலை குனிந்து, ஒரு கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். நான் கையை மடக்கினேன். அவனும் மடக்கினான். ‘வெளிச்சம் எப்படி விழுகிறது என்று உன் உள்ளங்கையில் பார்’ என்று அந்தக் கலைஞர் ஓர் இடத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த நாளிலிருந்து நான் அப்படிச் செய்துகொண்டிருக்கிறேன் போலும். எனக்கே தெரியாது. மழை வருகிறதா என்று பார்க்கும் மாதிரி என்று நீ எழுதியது மிகச் சரி. குனிந்த தலையோடு சட்டையையும் பார்த்தேன். காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தது.

மீதியை யோசித்து அறிந்தேன். பின்கதவு திறந்துகொண்டால் சுருளில் வெளியே இருக்கும் சுற்றுகள்தான் வெளிச்சம் பட்டுப் பாழாகும். முதலில் எடுத்த படங்கள் உள்ளே சுற்றியிருக்கும், அவை தப்பிக்கலாம். ஓரத்து வெளுப்பு யாருடைய துணிச்சலும் அல்ல, கதவு திறந்ததன் அடையாளம். நம் வீட்டில் குப்பைக் கூடையைக் காலி செய்பவள் நீ.

ஒவ்வொரு சுருளிலும் முதல் படத்தை வெளிச்சம் பார்ப்பதற்காக எடுப்பேன். அதை நான் படமாகவே எண்ணுவதில்லை. உன்னிடம் ‘முகத்தைக் காலியாக வை’ என்று சொல்வது அதற்குப் பிறகுதான். அதாவது நான் எண்ணாத ஒரு படம்தான் தேறியிருக்கிறது, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் எடுத்தது. முன்னுரையை மறுபடி படித்தேன். முகத்தைக் காலியாக வைக்கச் சொல் என்பதற்கு அடுத்த வரியில், ‘பிறகு அது நிரம்பும்வரை காத்திரு’ என்று இருக்கிறது. வரி விட்டுப் படிப்பவர்களை அச்சகத்தில் நான் எவ்வளவு கடிந்திருக்கிறேன்!

தெளிவாகக் கேட்டாய், தெளிவாகச் சொல்கிறேன். படத்தை எடுத்தது நான். அன்று உன் முகம் சரியாக இருந்தது.

ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. அட்டையைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. உன் படத்துக்குப் பின்னால் வைத்துச் சட்டம் போட்டிருக்கிறேன். சரியாக ஒரு பிரிண்ட் வேண்டுமானால் ஸ்டூடியோக்காரர் போட்டுத் தருவார். எனக்கு வேண்டாம். ஒரு சொல்லைத் தவறு என்று நினைத்து அடித்துவிட்டு, பிறகு அது சரிதான் என்று தெரிந்தால், மெய்ப்பில் அதன் அடியில் புள்ளிகள் வைத்து ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவோம். உன் படத்தின் பின்பக்கத்தில், நீ ஒன்றும் எழுதாமல் விட்ட இடத்தில், அப்படி எழுதியிருக்கிறேன்.

சால்வை பெட்டியில் இருக்கிறது. மாலையில் திரும்பிப் போக ஒரு பேருந்து உண்டு என்கிறார்கள். நீ வருவாயா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வழக்கமான சந்தேகம்தான், பொருட்படுத்தாதே. ஒரு டிக்கெட்டா இரண்டா என்று நீ சொன்ன பிறகு வாங்குகிறேன்.

என் முதல் கடிதத்துக் குறிப்புகளைச் சரிபார்த்துவிட்டேன். வீடு நம்முடையது அல்ல என்றதற்கு எண் போடவில்லை, எனவே அது கணக்கில் சேராது. நின்றவர் என்னுடையதைப் போன்ற கேமரா வைத்திருப்பவர் என்றேன், சரி. உனக்கு நெடுநாள் பழக்கமானவர் என்றேன், சரி. அந்தக் கலைஞரின் ஒன்பதாவது படத்தை நன்கு அறிந்தவர் என்றேன், அதுவும் சரி. கை தேர்ந்தவர் என்றது மட்டும் கொஞ்சம் அதிகம்.

என்னை நீ ஒருபோதும் இப்படிப் பார்த்ததில்லை என்று கடைசியாக எழுதியிருந்தேன். அது தவறு.